கடைசிப் பல்லவியில் ஐந்தரை ஃப்ரேம்

எங்கள் பாட்டு வீடியோவில் வாய் பாட்டோடு ஒட்டிவிட்டது. 3 நிமிடம் 40 நொடி, முதல் எழுத்திலிருந்து கடைசி ‘ம்’ வரை. மூன்று வாரமாக எங்கள் குழுவை ஆட்டிவைத்த சனியன் வெறும் 0.1 சதவீதம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வகுப்புக்கான வேலைதான். ஒரு பாட்டுக்கு வீடியோ, கூடவே சிடி உறை, ஒரு போஸ்டர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தாய் மக்கள் என்று தெரிய வேண்டும். பாட்டு எங்கள் தோழியே எழுதி, மெட்டமைத்து, பாடியது; அதனால் உரிமைப் பிரச்சினை இல்லை. கதைப்பலகை, ஷாட் பட்டியல், இடம் பார்த்தது எல்லாம் எல்லாரும் செய்வதுதான், விட்டுவிடுகிறேன்.

வீடியோவுக்கு முதுகெலும்பு ஒரு நீண்ட க்ளோஸ்-அப். நீளமான நடைக்கூடத்தில் அவள் பாடிக்கொண்டே நடந்து வருவாள், கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்கும். நடை, முடி, உடையின் ஓரம் எல்லாம் லேசாக மிதக்க வேண்டும். வாய் மட்டும் பாட்டோடு சரியாக இருக்க வேண்டும். இந்த வித்தை உங்களுக்குத் தெரிந்ததுதான்: பாட்டை வேகமாக ஓடவிட்டு, அதற்கு வாயசைக்க வைத்து, கூடுதல் ஃப்ரேம் ரேட்டில் (நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு) எடுத்து, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் மெதுவாக்குவது.

முதலில் எல்லாரையும் போல நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25-க்கு இறக்கப் பார்த்தோம். அதற்குப் பாட்டு இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். எங்கள் பாட்டு நிமிடத்துக்கு 94 தாளத் தட்டு, இரட்டித்தால் 188. சரணத்தில் ‘ற்ற’வும் ‘ண்ட’வும் அடுத்தடுத்து வரும் ஒரு வரி இருக்கிறது. நாலாவது டேக்கில் அவள் மைக்கே இல்லாத இடத்தில் மைக்கைத் தூக்கிப் போடுவதுபோல் கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்து மூடுகிறதே தவிர எழுத்து உருவாகவில்லை. மெதுவாக்கிப் பார்த்தால் மீன் தொட்டி.

அப்புறம்தான் 30-ல் எடுத்து 25-க்கு இறக்கினால் என்ன என்று கேமரா பிடித்தவன் கேட்டான். 30-ஐ 25-ஆல் வகுத்தால் 1.2. பாட்டு 120 சதவீத வேகத்தில், அதாவது 112.8 தட்டில் ஓடினால் போதும். அது பாடக்கூடிய வேகம்தான், கொஞ்சம் குஷியான பாட்டு மாதிரி இருக்கும், அவ்வளவே. படத்தில் கிடைக்கும் மிதப்பும் அளவாக இருந்தது. ஸ்லோமோஷன் என்று யாருக்கும் உறைக்காது, ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். குழல் விளக்கு இருக்கும் இடம் என்றால் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், நொடியில்) மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/60 வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும், 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கும்.

படப்பிடிப்பில் பாட்டை ஓடவிட (ப்ளேபேக்) நாங்கள் செய்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம். கைதட்டி, அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்ப்பது இந்த மாதிரி ஷாட்டுக்கு உதவாது. கேமரா பதிந்த ஒலி வேகப் பாட்டு, கையில் இருப்பது அசல் பாட்டு. அதனால் அசல் பாட்டின் மேல் ஓடும் டைம்கோடை, அதாவது நேரம் காட்டும் எண்ணை, பதித்து ஒரு வீடியோ செய்தோம். அதை மொத்தமாக 120 சதவீதத்துக்கு ஏற்றி டேப்லெட்டில் போட்டோம். சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூட வேண்டும்; பாட்டை மட்டும் தனியாகச் செய்கிறவர்கள் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ‘டெம்போ’வை மாற்ற வேண்டும், ‘ஸ்பீடு’ அல்ல. ‘ஸ்பீடை’ மாற்றினால் குரல் அணில் மாதிரி கீச்சிடும், பாடுகிறவள் சிரித்தே டேக்கைக் கெடுப்பாள். டேக் தொடங்கும்போது டேப்லெட்டைக் கேமராவுக்குக் காட்டினால் திரையில் பாட்டின் எந்த நொடி என்று எண் தெரியும். எடிட்டிங்கில் ஒலியைக் கேட்கவே வேண்டாம், எண்ணைப் பார்த்து ஒட்டிவிடலாம். ஸ்பீக்கரை வயரில் இணைத்தோம். புளூடூத்தில் ஒலி பிந்தினால் திரையில் தெரியும் எண்ணுக்கும் காதில் விழும் வரிக்கும் இடைவெளி விழுந்துவிடும்.

இவ்வளவு முன்ஜாக்கிரதைக்குப் பிறகும் கடைசிப் பல்லவியில் வாய் முந்தியது.

முதல் நிமிடம் அச்சு மாதிரி இருக்கும். இரண்டாவது நிமிடமும் பரவாயில்லை. இரண்டாம் சரணம் முடியும் இடத்தில் ஏதோ நெருடும். கடைசிப் பல்லவியில் உதடு மூடிய பிறகு ‘ம்’ வரும். பாடியவள் பார்த்துவிட்டுச் சொன்னது: “கடைசியில எனக்கு யாரோ டப்பிங் பேசின மாதிரி இருக்குடா.”

முதலில் ஒலி காதுக்கு வந்து சேரும் தாமதத்தைச் சந்தேகப்பட்டோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஸ்பீக்கரை நடைக்கூடத்தின் முனையில் வைத்துவிட்டு அவள் 20 மீட்டர் தள்ளி வந்திருந்தால் பாட்டு 58 மில்லிநொடி தாமதமாகக் காதில் விழும். ஆனால் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஒருவன் கேமராவோடு நடந்தான், எப்போதும் அவளுக்கு இரண்டு மீட்டரில். அதைவிட முக்கியம், தாமதமாகக் கேட்டால் வாய் பிந்தும். எங்களுக்கோ முந்துகிறது. இந்தத் திசை விஷயத்தை முதல் நாளே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

அடுத்த சந்தேகம் நாங்கள் கேமராவாக வைத்திருந்த கைபேசியின் மாறும் ஃப்ரேம் ரேட். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப இது இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் என்பது நாம் எல்லாரும் பட்டதுதான். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தால், ஆமாம், ‘மாறும்’ என்றே காட்டியது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றினோம். எண்ணை மட்டும் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று விட்டோம். இந்த ஒரு தேர்வை நினைவில் வையுங்கள். நடுவில் இருந்த சின்னத் துள்ளல்கள் போயின. கடைசிப் பல்லவி அப்படியே இருந்தது.

விடை கிடைத்தது சோம்பேறித்தனத்தால். ஒரு டேக் முடிந்ததும் கேமரா பிடித்தவன் அதை நிறுத்த மறந்துவிட்டிருந்தான். ஸ்பீக்கர் தூக்கியவன் கேமராவின் பார்வைக்குள் நடந்து வருகிறான், கையில் டேப்லெட், திரையில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். டேப்லெட் சரியாக 3:40-ஐத் தொடும்போது என் டைம்லைன் 3:39-ம் 19 ஃப்ரேமும் என்று நிற்கிறது. ஐந்தரை ஃப்ரேம். 0.22 நொடி. 220 நொடிப் பாட்டில் 0.22 நொடி என்றால் ஆயிரத்தில் ஒன்று. பார்த்ததும் வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்த ஆயிரத்தில் ஒன்றை நமக்கு ஏற்கெனவே தெரியும்.

கேமரா செயலி 30 என்று காட்டியது. கோப்பில் இருந்தது 29.97.

அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது, நிறத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றையொன்று உரசித் திரையில் கோலம் போடக் கூடாது என்பதற்காக 30-ஐ ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த டிவி டப்பாக்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எண் மட்டும் சாகவில்லை, எங்கள் கடைசிப் பல்லவியில் வந்து உட்கார்ந்துகொண்டது. 29.97-ஐ 25-ஆல் வகுத்தால் 1.2 இல்லை, 1.1988. பாட்டை 119.88 சதவீதத்தில் ஓடவிட்டிருக்க வேண்டும். நாங்கள் 120-ல் ஓடவிட்டோம்.

இரண்டு நிமிடம் வரை யாருக்கும் ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி முந்தினால் 45 மில்லிநொடியிலேயே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 வரை அவருக்குத் தெரியாது. ஒளிபரப்புக்காரர்கள் பின்பற்றும் ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் உள்ள கணக்கு இது. மின்னலுக்குப் பிறகுதான் இடி என்று பழகிய மூளை அல்லவா. எங்கள் பிசகு நொடிக்கு ஒரு மில்லிநொடி வீதம் வளர்கிறது. 125-ஐத் தொடுவது 2:05-ல். அதாவது இரண்டாம் சரணம் முடியும் இடத்தில். வகுப்பில் போட்டுக் காட்டியபோது கருத்துத் தாளில் பலர் ‘முடிவு கொஞ்சம் இழுவை’ என்று எழுதியிருந்தார்கள். நானும் அதை நம்பி முடிவை இரண்டு முறை வெட்டி மாற்றினேன்! குற்றம் முடிவின் மேல் இல்லை.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளிப் வேகம் 99.9 சதவீதம், அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக்கில் ‘மூலத்தில் உள்ளபடி’ என்பதற்குப் பதில் 30 என்று கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இரண்டு வழியிலும் மொத்த ஷாட்டில் ஐந்தாறு ஃப்ரேம் இரட்டிக்கும், நடையில் ஒரு சின்னத் தடுக்கல். அந்த இடங்களைத் தேடிப் பிடித்து வேறு ஷாட்டை வைத்து மூடினேன். ஒன்று மட்டும் மூட முடியவில்லை. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 94 தட்டில் ஒரு தட்டுக்கு 15.96 ஃப்ரேம் வருகிறது. 16 என்று வைத்துக் கட்டம் போட்டு வெட்டினால் இருபத்துமூன்று, இருபத்துநான்கு தட்டுக்கு ஒரு ஃப்ரேம் தள்ளிப்போகும். கட்டத்தை அழித்துவிட்டுக் கண்ணால் வெட்டினேன். தட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டினால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்த பாட்டுக்கு 24 ஃப்ரேம் டைம்லைன், 90 தட்டு என்று இப்போதே தோழியிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு தட்டுக்குத் துல்லியமாக 16. ஃப்ரேம் கணக்குக்காக மெட்டுப் போட முடியாது என்று திட்டு வாங்கினேன். பார்க்கலாம்.

போஸ்டர் கதை வேறு. வீடியோவிலிருந்தே ஒரு ஃப்ரேமை எடுத்துப் பெரிதாக்கிவிடலாம் என்று நினைத்து, படப்பிடிப்பில் ஸ்டில் எடுக்கவில்லை. நினைவகம் போதாது என்று 1920-க்கு 1080-ல்தான் பதிந்திருந்தோம். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 16 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் படம். ஏ3 போஸ்டருக்கு 3508-க்கு 4961 புள்ளி வேண்டும். போஸ்டரை விடுங்கள், 12 சென்டிமீட்டர் சிடி உறைக்கே 1417 புள்ளி வேண்டும், அதற்குக்கூட உயரம் போதவில்லை. மேலும் வீடியோவில் அழகாகத் தெரியும் ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் கை இருக்கும் இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும்.

சரி, ஸ்டில் எடுக்கலாம் என்று போனால் தோழி முடியைக் கழுத்து வரை வெட்டியிருந்தாள். “எங்கிட்ட யாரும் சொல்லலையே” என்றாள். நியாயம்தான். கடைசியில் முகமே இல்லாமல், காலியான நடைக்கூடத்தையும் தரையில் விழுந்த நிழலையும் எடுத்தோம். நிழலுக்கு நீள முடி, என் அக்காவுடைய நிழல். வீடியோவை விட இந்தப் படம்தான் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

தலைப்பு எழுத்து தனி வதை. பாட்டின் பெயரில் இரண்டு இடத்தில் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வரும். எடிட்டிங் மென்பொருளில் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, நடுவே புள்ளி வட்டம் ஒன்று முளைக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வீடியோவில் வைத்தேன். உறைக்கும் போஸ்டருக்கும் அதே எழுத்தைப் பாதையாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக, மாற்றி வைத்தேன். அச்சகத்தின் கணினியில் எழுத்துரு இல்லை என்று சொல்ல வழியே இல்லை. வினையாக வந்தது என்றாலும், மூன்றிலும் தலைப்பு ஒரே எழுத்தாய் அமைந்தது இதனால்தான்.

உறையின் முன்பக்கம் முடிந்தது. முதல் மாதிரி அச்சில் நடைக்கூடத்தின் ஆழ்ந்த நீலம் கத்தரிக்காய் நிறமாக வந்தது. திரையின் ஆர்ஜிபி நிறங்களில் பார்த்து மயங்கிய நீலம் அச்சு மையின் சிஎம்ஒய்கேயில் கிடையாது. மெஜந்தா மையைக் குறைத்து, நீலத்தைப் பச்சைப் பக்கம் கொஞ்சம் தள்ளிய பிறகு உயிர் வந்தது. ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் விட மறந்து வெள்ளைக் கோடு விழுந்ததும் அதே மாதிரியில்தான். பின் அட்டை 151-க்கு 118 மி.மீ., இரண்டு பக்கமும் மடியும் முதுகுப் பட்டை உட்பட. அந்தப் பட்டைக்கு நான் விட்டிருந்த இடம் 5 மி.மீ. அச்சகத்தின் வார்ப்புருவில் 6.5 இருக்கிறது. வார்ப்புருவை முதலில் வாங்கியிருக்கலாம். பாட்டு வரிகள், பங்களித்தோர் பெயர்கள், எல்லாவற்றையும் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். இன்று இரவு அதுதான் வேலை.