பார்க்கலாம் என்று சொன்னேன்

நான் சொன்னது ஒரே வார்த்தை. "பார்க்கலாம்." ஜெர்மன் மொழியில் "மால் ஸேயன்". கடன் கேட்டு வந்தவரிடம் முகம் முறியாமல் நழுவ நம் ஊரில் சொல்வோமே, அதே வார்த்தைதான். வருஷம் தாண்டியும் அந்த அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெர்லினில் ஃபைபர் கேபிள் பதிக்கிற வேலை. வீட்டுச் சுவரை ஒட்டிய நடைபாதைக் கற்களைப் பெயர்த்து, பள்ளம் எடுத்து, குழாய் போட்டு, பழையபடி கல் பதித்துக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் நான்கு ஷ்டோல்பர்ஷ்டைன்கள் இருந்தன. தமிழில் இடறுகல் என்று சொல்லலாம். நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக, அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் பதிக்கிற கல். பத்து சென்டிமீட்டர் சதுரம், மேலே பித்தளைத் தகடு. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி பெயர், பிறந்த ஆண்டு, எப்போது நாடுகடத்தப்பட்டார், எங்கே கொல்லப்பட்டார் என்று கையால் அடித்துப் பதித்த எழுத்துகள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கியது. 2023இல் நியூரெம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார். பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

நாங்கள் எடுத்த நான்கும் ஒரே குடும்பம். அப்பா, அம்மா, 1931இல் பிறந்த பையன், 1937இல் பிறந்த பெண். முதல் கல்லை நானே நெம்பி எடுத்தேன். இரண்டு கிலோ இருக்கும். பூட்ஸ் கால் பட்டுவிட்டதே என்று கை தானாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பெயர்கள் காலடியில் கிடப்பது எனக்கு முதலிலிருந்தே உறுத்தல்தான். மியூனிக்கில் யூத சமூகத்தின் தலைவரே இதே காரணத்துக்காக எதிர்த்தார், அந்த நகரம் பொதுநடைபாதையில் இவற்றை அனுமதிக்கவில்லை என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. குனிந்தால்தான் படிக்க முடியும், அதுவே வணக்கம் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் எனக்கு நியாயம் தெரிகிறது.

சரி, அந்த மனிதருக்கு வருகிறேன். அதே வீட்டில் குடியிருப்பவர். கையில் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். "எடுத்துத்தான் விட்டீர்களே, அப்படியே விட்டுவிடுங்கள். எண்பது வருஷம் ஆகிவிட்டது" என்றார். நான் சிரித்துவைத்தேன். அடுத்து அவர் குரலைத் தாழ்த்தி, "இதை வைத்தும் காசு பார்க்கிற ஆட்கள்தானே அவர்கள்" என்றார். அப்போதுதான் நான் "பார்க்கலாம்" என்றேன். மேஸ்திரி இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. கான்கிரீட் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. குடியிருப்பவர்களோடு வாக்குவாதம் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தில் எழுதாத விதி. இந்த ஊரின் சரித்திரத்தை இந்த ஊர்க்காரருக்கு நான் பாடம் எடுப்பதா என்ற தயக்கமும் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதே வாரம் வேறொரு வாசலில், சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்காக ஒருவரோடு கால் மணி நேரம் மல்லுக்கு நின்றவனும் நான்தான். அங்கே தயக்கம் ஏதும் வரவில்லை.

அவர் சொன்னதில் தகவல்கூடச் சரியில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் பணம் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உறவினர்களும்தான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு வரி போதும். யூதர் என்றாலே காசு என்ற அந்தப் பழைய விஷத்தை அவர் எவ்வளவு சாதாரணமாக, வானிலை பேசுகிற மாதிரிச் சொன்னார்! நானும் அதை வானிலை மாதிரியே கேட்டுக்கொண்டேன்.

2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. நான் வேறு தெருவில் இருந்தேன். மாலைக்குள் அந்த வாசலை மூடிவிட்டார்கள், சாதாரணக் கற்களை வைத்தே. இடறுகற்கள் நான்கும் கன்டெய்னரில், சாக்கு சுற்றி ஒரு வாளிக்குள் இருந்தன.

மறுநாள் நவம்பர் 9. 1938இல் யூதர்களின் தொழுகைக்கூடங்களையும் கடைகளையும் கொளுத்தி நொறுக்கிய இரவின் நினைவு நாள். அன்று ஊர் முழுக்க மக்கள் துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு வந்து, மண்டியிட்டு இந்தக் கற்களைத் தேய்த்து மெழுகுவர்த்தி வைப்பார்கள்.

திங்கள்கிழமை காலை நான் போனபோது ஒரு வயதான அம்மா வாசலில் காத்திருந்தார். கல் இருந்த இடத்தில், வெறும் நடைபாதையில், நான்கு இடங்களில் மெழுகு உருகி உறைந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஸைட்ஸ் என்ற ஊரில் பத்துக் கற்களைப் பெயர்த்துத் திருடியிருந்தார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று பயந்துபோய் இரண்டு இரவு தூங்கவில்லை என்றார். நான் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்தேன். அவர் சாக்கை விலக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பெண் குழந்தையின் கல்லைத் தன் கோட்டுக் கையாலேயே துடைத்தார்.

"ஏன் இவை இல்லாமல் மூடினீர்கள்?" என்று கேட்டார்.

"தகவல் தவறிவிட்டது" என்றேன். அவர் நன்றி சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இங்கே மேலாளரை செஃப் என்பார்கள், அந்தக் குழுவுக்கு அது நான். "உங்கள் செஃப் ஒத்துக்கொண்டார் என்று அந்த ஆள் வெள்ளிக்கிழமை வந்து சொன்னான். நீங்கள் மறுத்துப் பேசவில்லையே, செஃப். நானும் பக்கத்தில்தானே நின்றேன்" என்றார். மதியத்துக்குள் பெயர்த்து நான்கையும் திரும்பப் பதித்துவிட்டோம். அறிக்கையிலும் "தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு" என்றுதான் எழுதினேன். அந்த ஆள் பேசியதை எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமல்கூடப் போயிருக்கலாம். எழுதியிருக்க வேண்டும்.

இப்போது படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, கையெழுத்து வாங்கித்தான் கல்லை எடுக்கிறோம். முறை சரியாக இருந்தால் யார் என்ன பேசினாலும் கல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும் என்று அலுவலகக் கூட்டத்தில் நானே பேசினேன். ஆனால் முறை அன்றைக்கும் இருந்தது. என் ஒரு வார்த்தை அதைத் தாண்டிப் போயிற்று.

அந்த அப்பாவின் கல்லில், கட்டாய உழைப்பு, நாடுகடத்தல் மார்ச் 1943 என்று இருக்கிறது. அதற்கு முன் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். 1943 பிப்ரவரி 27, சனிக்கிழமை. பெர்லின் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்த யூதர்களை, வேலை செய்த இடத்திலேயே வளைத்து லாரியில் ஏற்றினார்கள். அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போனார்கள். பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். என் நிலைமையை அதோடு ஒப்பிடக்கூடாது, எனக்கு உயிர்பயம் எதுவும் இல்லை. ஆனால் அதுதான் என்னைக் குடைகிறது. அதே நாட்களில் ரோஸென்ஷ்ட்ராஸெ தெருவில், அடைத்துவைக்கப்பட்ட தங்கள் யூதக் கணவர்களுக்காக யூதரல்லாத பெண்கள் குளிரில் நாள்கணக்கில் நின்றார்கள். அவர்கள் நின்றதால்தான் விட்டார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் அவர்கள் நின்றார்கள்.

போன மாதம் வேறொரு தெருவில் மூன்று கற்கள். மேஸ்திரி எல்லாரும் கேட்கிற மாதிரி, "செஃப், இவற்றைத் திரும்ப வைக்கிறோமா?" என்றார். "வைக்கிறோம்" என்று உடனே சொன்னேன், உரக்கவே சொன்னேன். அங்கே என் எதிரில் யாரும் நிற்கவில்லை.