ஒரு டிகிரி

போல்ட்டுகளைத் தளர்த்தி, அட்ஜஸ்டபிள் கேம் கியரின் நடுப்பகுதியை மட்டும் ஒரு கோடு அளவு நகர்த்தினார் மெக்கானிக். வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டுதான் கேம்; அதைச் சுழற்றும் பல்சக்கரம் இந்தக் கியர். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அசையவே இல்லை.

கோயம்புத்தூரில் ரேஸுக்குத் தயாராகும் பழைய மாருதி எஸ்டீம்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு, கூட்டுவதற்காக எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைச் சீவியிருந்தார்கள். ஹெட் தாழ்ந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் இடைவெளி குறையும். வால்வு டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் தருணம், தானாகப் பின்தங்கும். பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டலாமே என்றால், அது பெரிய தாவல். இங்கே தேவைப்பட்டது வெறும் 1 டிகிரி. கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி, ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும்.

கேமை முன்னே தள்ளினால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கூடும். பின்னே தள்ளினால் உச்சத்தில் பவர். இரண்டையும் ஒருசேரத் தராது. எந்த ட்ராக், எத்தனை வளைவு என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். இரட்டை கேம் எஞ்சினில் இன்டேக் (காற்று நுழைவது), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுவது) கேம்கள் இரண்டையும் தனித்தனியாக நகர்த்தி ஓவர்லாப்பையும், அதாவது இரு பக்க வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தையும், மாற்றலாம். எஸ்டீமில் ஒரே கேம்தான்.

நிறத்துக்காக மட்டும் இந்தக் கியரை வாங்கி மாட்டுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. எஞ்சினின் பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்காமல் இதற்கு அர்த்தமே கிடையாது.

நகர்த்திய பிறகு, தயவுசெய்து கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். வால்வு பிஸ்டனில் முட்டாது என்று உறுதியான பிறகே சாவியைத் தொடுங்கள்.