வாட்டுக்கு எத்தனை டிகிரி: ஒரு கிராபிக்ஸ் கார்டின் கோடை நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 22

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலுள்ள மொத்த வியாபாரி ஒருவருக்கு நாற்பது கொலுசு மாதிரிகளின் முப்பரிமாணப் படங்களை மே 9ஆம் தேதிக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். மறுநாள் அட்சய திருதியை என்பதால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட முடியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு படம் உருவாக டிசம்பரில் 11 நிமிடம் ஆனது. இன்று அதே அளவுள்ள படத்துக்கு 14 நிமிடம் ஆகிறது. படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை 84 டிகிரியில் நிற்கிறது, 1,900 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அதன் கிளாக் வேகம், அதாவது கணக்கிடும் வேகம், 1,500க்கு இறங்கிவிட்டது. இது தண்ணீரால் குளிரும் கார்டு. சில்லின் (சிப்பின்) மேல் பம்பும், இரண்டு ரப்பர் குழாய்களும், தண்ணீரை விசிறிக் காற்றில் ஆறவைக்கும் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் சேர்ந்து தொழிற்சாலையிலேயே மூடி வந்தது. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் வெயிலைத்தான் காரணம் சொல்கிறார்கள். எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. விசிறிகள் இரண்டும் முழு வேகத்தில் இரைகின்றன, ஆனால் ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றில் கை வைத்தால் அத்தனை சூடு இல்லை.

ஏப்ரல் 23

இன்று படம் எதையும் ஓட்டாமல் கணக்கு மட்டும் போட்டேன். டிசம்பரில் குறித்து வைத்த பழைய அளவுகள் கைவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அன்று அறை 25 டிகிரி, கார்டு 62 டிகிரி, மின்சாரம் 320 வாட். இப்போது அறை 36, கார்டு 84, மின்சாரம் 230 வாட் மட்டுமே. சூடு எல்லையைத் தொட்டதும் கார்டு தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்வதால், திரையில் தெரியும் 84 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் நோயின் அளவு தெரியாது.

அறையின் சூட்டைக் கழித்துவிட்டு மீதியை வாட்டால் வகுத்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. டிசம்பரில் 37 டிகிரி உயர்வுக்கு 320 வாட், அதாவது 100 வாட்டுக்கு 11.6 டிகிரி. இன்று 48 டிகிரி உயர்வுக்கு 230 வாட், அதாவது 100 வாட்டுக்கு 20.9 டிகிரி. குளிர்விப்பான் ஒழுங்காக இருந்தால் இந்த எண் கோடையானாலும் மார்கழியானாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். வெயிலின் பங்கு வெறும் 11 டிகிரிதான். அந்தக் கணக்குப்படி இன்று 320 வாட்டில் கார்டு 73 டிகிரியில் ஓடியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை ஏற்காட்டில் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்து வேலையை முடிக்கலாமே என்று அம்மா சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் தூக்கிச் செல்வது ஒருபுறம் இருக்கட்டும். 24 டிகிரி அறையில் இந்தக் கார்டு 280 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு பெரிதாகக் குறை தெரியாமல் ஓடியிருக்கும். மலையின் குளிர்ச்சி நோயை மறைத்திருக்குமே தவிரத் தீர்த்திருக்காது.

ஏப்ரல் 24

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில், இரண்டு பக்கமும் விசைத்தறிகளுக்கு நடுவே இருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் பஞ்சுத் தூசி ஒரு மெல்லிய துணி போலவே படிந்திருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கை அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. மீதியைப் பெயிண்ட் பிரஷால் தகடுகளின் போக்கிலேயே நீவி, புளோயரால் ஊதி எடுத்தேன். ஊதும்போது விசிறி சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதுதான் காரணம் என்று நம்பினேன். ஆனால் அறை 36, கார்டு 84, மின்சாரம் 245 வாட் என்று வந்தது; 100 வாட்டுக்கு 19.6. பஞ்சின் குற்றம் ஒரு டிகிரி சொச்சம்தான்.

ஏப்ரல் 26

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். கடையிலிருந்த தம்பி கேட்ட மாத்திரத்தில், "அண்ணா, பேஸ்ட் காஞ்சிருக்கும், கழட்டி மாத்திடலாம்" என்றார். சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் மூன்று ஆண்டுகளில் காய்ந்துவிடக் கூடியதுதான், ஆகவே அவர் சொன்னதில் தவறில்லை. எனினும் கழற்றுவதற்கு முன்பே அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் சில்லின் பொது வெப்பநிலையோடு, அதன் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலையையும் தனியாகக் காட்டுகிறது. பேஸ்ட் காய்ந்தோ ஒதுங்கியோ போயிருந்தால் இந்த இரண்டுக்கும் இடைவெளி 25, 30 என்று விரிந்துவிடும். எனக்கு 84க்கு 97, இடைவெளி 13 தான். டிசம்பரிலும் ஏறக்குறைய இதே அளவுதான் இருந்தது. சில்லிலிருந்து தகடு வரை வெப்பம் ஒழுங்காகவே இறங்குகிறது. தகட்டுக்கு அப்பால்தான் எங்கோ தடை இருக்கிறது. கார்டைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 28

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருடம் கொலுசுப் பட்டறையில் பற்றவைத்த கை அவருடையது. வெள்ளிக் கம்பியின் ஒரு முனையை நெருப்பில் காட்டினால் மறு முனை எத்தனை விரைவில் விரலைச் சுடும் என்பது அவருக்கு விரலிலேயே தெரியும். உலோகங்களில் வெள்ளியைப் போல வெப்பத்தைக் கடத்துவது வேறில்லை. கார்டை முழு வேலையில் ஓடவிட்டுக் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்காமலேயே இரண்டு குழாய்களையும் இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணு, இது கொதிக்குது, அது பச்சத் தண்ணியா இருக்குது. உள்ள தண்ணி சுத்துதா, நிக்குதா?"

ஒரு வாரமாக எண்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றாமல் போனதை எண்ணி வருந்தினேன். மல்டிமீட்டரின் வெப்பம் அளக்கும் கம்பியைக் குழாய்கள் கார்டில் சேரும் உலோக முனைகளில் ஒட்டி, மேலே பஞ்சு சுற்றி அளந்தேன். ரேடியேட்டருக்குப் போகும் முனை 58, திரும்பி வரும் முனை 39, இடைவெளி 19. ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சுற்றுமானால், 320 வாட் வெப்பம் அதை நான்கரை டிகிரி அளவுக்குத்தான் சூடேற்ற முடியும், இரண்டு குழாய்களுக்கும் கையால் வேறுபாடு காண்பதே கடினமாயிருக்கும். 245 வாட்டுக்கே 19 டிகிரி இடைவெளி என்றால், அந்த ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஓடுகிறது என்று பொருள். ஓடும் கொஞ்சத் தண்ணீரும் மிக மெதுவாகப் போய் ரேடியேட்டரின் பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது. வெளிவரும் காற்றில் சூடு இல்லாததன் காரணம் இதுவே.

ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பின் மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். சீரான ரீங்காரம் கேட்க வேண்டிய இடத்தில், காலியாகப் போகும் குடத்தைச் சாய்த்தாற்போல இடையிடையே களக், களக் என்ற சத்தம் வந்தது. பம்ப் சுழல்கிறது, ஆனால் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து அரைத்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 29

காற்று எப்படிப் பம்புக்குள் வந்தது என்பதை யோசித்தபோது தவறு என்னுடையது என்று தெரிந்தது. ஜனவரியில் மேசையில் இடம் போதவில்லை என்று சிறிய கேபினட்டுக்கு மாறினேன். அதன் மேற்பகுதியில் ரேடியேட்டருக்கு இடம் இல்லை, முன்பக்கத்தை ஹார்ட் டிஸ்க் கூடு அடைத்திருந்தது, ஆகவே ரேடியேட்டரைத் தரையில் படுக்க வைத்துவிட்டேன். மூடிய குளிர்விப்பானுக்குள்ளும் சிறிது காற்று எப்போதும் உண்டு. ஆண்டுகள் போகப்போக நீர் ரப்பர் குழாயின் சுவர் வழியே மிக நுண்ணிய அளவில் ஆவியாகி வெளியேற, அந்தக் காற்று பெருகும். காற்று எப்போதும் இருப்பதற்குள் உயரமான இடத்தைத் தேடிப் போய்த் தங்கும். முன்பு ரேடியேட்டர் மேலே இருந்ததால் அதன் தொட்டியில் தொந்தரவின்றித் தங்கியிருந்தது. ஜனவரியிலிருந்து மொத்தச் சுற்றிலும் உயரமான இடம் பம்புதான்.

ஹார்ட் டிஸ்க் கூட்டைக் கழற்றி எறிந்தேன். மின்சாரத்தைத் துண்டித்து, ரேடியேட்டரின் திருகுகளை எடுத்து, குழாய்கள் கீழ்நோக்கி இருக்குமாறு அதைக் கார்டுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா கேபினட்டைத் தாங்கிக்கொண்டார். சுமை எதுவும் கொடுக்காமல் கம்ப்யூட்டரை இயக்கி, கேபினட்டை மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, மறுபக்கம் சாய்த்தோம். தண்ணீர்தான் பம்பின் சுழலும் அச்சுக்கு வழவழப்பு தருகிறது என்பதால், அது வெறும் காற்றில் சுழல நேர்ந்தால் தேய்ந்துவிடும். சத்தம் கடுமையாகும்போதெல்லாம் உடனே அணைத்துவிட்டேன். நான்காவது முறை குழாய்க்குள் ஏதோ நீளமாக உருண்டு மேலேறுவது கையில் அதிர்வாகவே தெரிந்தது. அதன்பின் பம்பிலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டுமே வந்தது.

ரேடியேட்டரைக் கேபினட்டின் முன்பக்கத்தில், குழாய்கள் கீழே வரும்படி நிறுத்திப் பொருத்தினேன்.

ஏப்ரல் 30

அறை 37, கார்டு 78, மின்சாரம் 320 வாட் முழுமையாக. 100 வாட்டுக்கு 12.8 டிகிரி. இரண்டு குழாய் முனைகளுக்கும் இடைவெளி 6 டிகிரி. ஒரு படம் மறுபடியும் 11 நிமிடத்தில் முடிகிறது. டிசம்பரின் 11.6ஐ எட்டவில்லை, மூன்று ஆண்டில் குறைந்துபோன நீரின் கணக்கு அந்த மிச்சத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

தண்ணீர் நிரப்பிவிட்டால் என்ன என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரே வாரத்தில் குடத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் பிடிக்கச் செய்வது. அதை நூல் பருமனுள்ள செப்பு வரிகளுக்குள் விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். சுத்திகரித்த நீரானாலும், செப்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே நீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும் என்பதால், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவமே வேண்டும். வேலை முடியும் வரை இந்தச் சுற்றைத் திறக்கப் போவதில்லை.

மே 4

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்கியது, அறை 38. மின்சாரத்தை 270 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினேன். கார்டு 73 டிகிரியில் நிற்கிறது, ஒரு படத்துக்கு அரை நிமிடம் கூடுகிறது. இருபத்தாறு மாதிரிகள் முடிந்தன.

மே 9

காலை நான்கு மணிக்குக் கடைசிப் படம் முடிந்தது. சலங்கைகள் நெருக்கமாகக் கோத்த கல்யாணக் கொலுசு அது. ஒவ்வொரு சலங்கையும் பக்கத்துச் சலங்கையின் பிம்பத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வதால் கார்டுக்கு அதுவே மிகப் பெரிய சுமை, 19 நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நேரம் முழுவதும் இரண்டு குழாய்களையும் விரலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் ஒரே வெதுவெதுப்பாக இருந்தன. அறை 33, கார்டு 68, 270 வாட், முனைகளின் இடைவெளி 5 என்று நோட்டில் குறித்துவிட்டுப் படங்களை அனுப்பினேன். அடுத்த அளவு ஜூன் 1 அன்று.