மாத்திரையாக வந்த கீமோ: நான் முடிவெடுத்த விதம்

கதிர்வீச்சின் கடைசி நாளன்று, இனி ஆறு மாதம் கேப்சிடபைன் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர் கூறியபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பியிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு வந்தது டிரிப்பிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய்; அதாவது, புற்றணுக்களில் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்2 என்ற புரதமும் மிகுதியாக இல்லை. ஹார்மோன் மாத்திரை இந்த வகையில் பலன் தராது. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்திருந்தும், வெட்டியெடுத்த திசுவில் 1.4 செ.மீ. அளவுக்குப் புற்று மிஞ்சியிருந்தது என்று அறிக்கை வந்தது. அப்படி மிஞ்சியவர்களுக்காகவே ஜப்பானிலும் தென்கொரியாவிலும் 910 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான கிரியேட்-எக்ஸ் ஆய்வை மருத்துவர் விளக்கினார். என் வகை நோயாளிகளில், மாத்திரை எடுத்தவர்களில் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர். எடுக்காதவர்களில் 56 பேர்.

அன்றிரவு என் தையல் கடையில் நூறு பொத்தான்களை மேசைமேல் பரப்பினேன். மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கும் 56 ஒரு பக்கம், மாத்திரை போட்டும் நோய் திரும்பும் 30 மறுபக்கம், மாத்திரையால் மட்டுமே தப்பும் 14 நடுவில். நான் எந்தக் குவியலில் இருக்கிறேன் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதும், அந்தப் பதினான்கு சிறிய எண் அன்று என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

"ஊசிகூட இல்லை, மாத்திரைதானே அண்ணி" என்றாள் நாத்தனார். ஆனால் அந்த மாத்திரை உடலுக்குள் போய் ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தாகவே மாறுகிறது. அதை உடைத்து வெளியேற்றும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் டிபிஒய்டி மரபணுப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொண்டேன். குறை எதுவும் இல்லை. இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையில் என்னைத் தயங்கவைத்தது கைகள்தாம். அந்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்திருக்கிறது; 11 பேருக்குக் கடுமையாகவே. ஊசி பிடித்துப் பிழைக்கும் நான் மருத்துவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தாங்க முடியாவிட்டால் நிறுத்தலாமா? வலி தொடங்கியதுமே நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடரலாம், பேதி கடுமையானால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள் என்றார். நினைத்தால் நிறுத்த முடியும் என்று தெரிந்ததால்தான் என்னால் தொடங்க முடிந்தது.

காலையில் மூன்று, இரவில் மூன்று, உணவு முடித்த அரை மணிக்குள். பதினான்கு நாள் மருந்து, ஏழு நாள் ஓய்வு; இது ஒரு சுற்று. மூன்றாம் சுற்றில் விரல் நுனிகள் வெடித்தபோது இரண்டு வாரம் நிறுத்தி, குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினேன். கைரேகை தேய்ந்து ரேஷன் கடை இயந்திரத்தில் பதியாமல் போனதால் என் மகள் போய்ப் பொருள் வாங்கிவந்தாள். எட்டாம் சுற்றை மார்கழியில் முடித்தேன். வலியில்லாமல் ஊசியில் நூல் கோக்கப் பங்குனி ஆயிற்று.