பெய்ஜிங் அரண்மனையின் தண்ணீர் அண்டாக்கள்

பெய்ஜிங்கின் 'தடை செய்யப்பட்ட நகரம்' ஒருவழியாகப் பார்த்தாயிற்று. 1420-இல் கட்டி முடித்தது. மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் ஆண்ட இடம். சிம்மாசன மண்டபத்தை எட்டிப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. எனக்கென்னவோ முற்றங்களில் நிற்கும் பிரம்மாண்டமான உலோக அண்டாக்கள்தான் பிடித்தன. எல்லாம் மரக் கட்டடங்கள், தீப்பிடித்தால் போச்சு. பெரிய மண்டபங்கள் மறு வருஷமே, 1421-இல், எரிந்துபோயின. அதற்குத்தான் அண்டா நிறையத் தண்ணீர். குளிர்காலத்தில் உறையாமலிருக்க அடியில் நெருப்பு மூட்டுவார்களாம்! சிலவற்றில் தங்க முலாமைச் சுரண்டிய தழும்புகள். 1900-இல் புகுந்த அந்நியப் படைகளின் வேலை என்கிறார்கள்.

போகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள், பாஸ்போர்ட் அவசியம். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. அப்புறம், வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. கால் கெஞ்சினாலும் ஏறிவிடுங்கள், மொத்த மஞ்சள் கூரையும் அங்கிருந்துதான் தெரியும்.