எக்செல்லுக்கு நம் பட்டியலைச் சொல்லிக்கொடுத்த கதை

எங்கள் அலுவலகத்தின் மாதாந்திரப் பணி அட்டவணையைத் தயாரிப்பது என் வேலை. பிரிவுகள் ஆறு: வரவேற்பு, பதிவு, கணக்கு, கொள்முதல், கிடங்கு, அனுப்புகை. கோப்புகள் நகர்வதும் இதே வரிசையில்தான். அதனால் அட்டவணையில் இந்த வரிசை மாறக்கூடாது. ஆறையும் ஒருமுறை அடித்து, நகலெடுத்து, மாதம் முடியும் வரை கீழே கீழே ஒட்டிக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருந்தது. நடுவில் ஒரு நாள் விடுமுறை வந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். மறுபடி ஒட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒரு கிழமையின் பெயரை அடித்து, அந்தக் கட்டத்தின் (செல்) வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுத்தால், மற்ற கிழமைகள் தாமாக வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சதுரத்துக்கு ஃபில் ஹேண்டில் என்று பெயர். மாதப் பெயர்களும் அப்படியே வரும். 'வரவேற்பு' என்று அடித்து இழுத்தால் மட்டும் வரிசையாக வரவேற்பு, வரவேற்பு, வரவேற்பு. கிழமைக்கு ஒரு நியாயம், நம் பிரிவுகளுக்கு வேறு நியாயமா என்று தேடத் தொடங்கியதில்தான் விஷயம் பிடிபட்டது. கிழமை, மாதம் என்று சில பட்டியல்களை எக்செல் தன்னுள் வைத்திருக்கிறது. செல்லில் இருக்கும் சொல் அவற்றில் ஒன்றில் இருந்தால், அடுத்த சொல்லை அங்கிருந்து எடுத்துப் போடுகிறது. அந்த இருப்பில் நம் பட்டியலையும் சேர்க்கலாம்.

சேர்க்கும் இடம்தான் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பக்கத்தின் அடிவரை இறங்கினால் 'ஜெனரல்' என்ற தலைப்பின் கீழ் 'எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ்' என்ற பொத்தான் இருக்கும். திறக்கும் பெட்டியில் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக அடித்து 'ஆட்' கொடுக்கலாம். நான் அடிக்கவில்லை. ஆறு பிரிவுகளும் ஏற்கெனவே ஷீட்டில் இருந்ததால், அந்தச் செல்களைக் காட்டி 'இம்போர்ட்' கொடுத்தேன். அடிப்பதைவிட இது நல்ல வழி என்பேன். அட்டவணையில் இருக்கும் எழுத்துகளே எழுத்து பிசகாமல் பட்டியலுக்கும் போய்விடும். சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால்கூட எக்செல் அதை வேறு சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய கோப்பிலிருந்து எடுப்பவர்கள் முதலில் 'டிரிம்' ஃபார்முலாவால் இடைவெளிகளைக் களைந்துவிடுவது நல்லது. வெறும் எண்களாலான பட்டியல் என்றால், முதலில் அந்தச் செல்களை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு இம்போர்ட் செய்ய வேண்டும்.

அதன்பிறகு 'வரவேற்பு' என்று ஒரு செல்லில் அடித்து இழுத்தேன். பதிவு, கணக்கு, கொள்முதல் என்று இறங்கி, அனுப்புகை முடிந்ததும் மறுபடி வரவேற்பு. அன்று எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. எங்கிருந்தும் தொடங்கலாம்: 'கொள்முதல்' என்று அடித்து இழுத்தால் அடுத்து கிடங்கு வரும். மேல்நோக்கி இழுத்தால் பட்டியல் பின்னோக்கி ஓடும். பக்கத்து நெடுவரிசையில் தேதிகள் இருந்தால் இழுக்கவே வேண்டாம். சதுரத்தில் இரண்டு முறை கிளிக் செய்தால், தேதி எதுவரை இருக்கிறதோ அதுவரை நிரம்பிவிடும். இப்போதெல்லாம் முதலில் தேதியைத்தான் நிரப்புகிறேன். தேதியை மவுஸின் வலது பொத்தானால் இழுத்து விட்டால் ஒரு மெனு வரும். அதில் 'ஃபில் வீக்டேஸ்' தேர்ந்தால் சனியும் ஞாயிறும் தாமாக விடுபடும்.

கன்ட்ரோல் விசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் குழம்பும் இடம் இது. ஒற்றை எண்ணை இழுத்தால் அது நகலாகும்; கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் 1, 2, 3 என்று ஏறும். பட்டியல் சொல்லுக்கு இது நேர்மாறு. சும்மா இழுத்தால் வரிசை ஓடும், கன்ட்ரோலோடு இழுத்தால் ஒரே சொல் நகலாகும். ஒரே பிரிவுக்குத் தொடர்ந்து சில நாட்கள் ஒதுக்கும்போது எனக்கு இது தினமும் உதவுகிறது.

நிரப்புவதைவிடப் பெரிய பலன் பிறகுதான் தெரிந்தது: வரிசைப்படுத்துவது. அகர வரிசையில் அடுக்கினால் அனுப்புகை முதலிலும் வரவேற்பு கடைசியிலும் வரும். கோப்பு தலைகீழாக நகர்வதுபோல் இருக்கும். வரிசைப்படுத்தும் 'சார்ட்' (Sort) பெட்டியில் 'ஆர்டர்' என்ற இடத்தில் 'கஸ்டம் லிஸ்ட்' தேர்ந்து நம் பட்டியலைக் காட்டினால், எத்தனை நூறு வரிகள் இருந்தாலும் நம் வரிசையிலேயே அடுக்கப்படும். தொடக்கம், நடப்பில், சரிபார்ப்பு, முடிந்தது என்று வேலையின் நிலைகளை எழுதி வைப்பவர்கள் இதற்காகவாவது ஒரு பட்டியலைச் சேர்த்துவிட வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியல் இருப்பது கணினியில், கோப்பில் இல்லை. என் கணினியில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் பட்டியல் வேலை செய்கிறது. அதே கோப்பைச் சக ஊழியர் தன் கணினியில் திறந்து இழுத்தால் வரவேற்பு, வரவேற்பு என்றுதான் வரும். வரிசைப்படுத்தப் பயன்படுத்திய பட்டியல் மட்டும் கோப்போடு சேமிக்கப்படும், அதுவும் அடுத்தவர் கணினியில் சார்ட் பெட்டியில்தான் தெரியும். கூகுள் ஷீட்ஸில் இப்படிப் பட்டியல் சேர்க்கும் வசதியே இல்லை. எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் உண்டு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாகக் கால்க் பகுதிக்குள் போனால் 'சார்ட் லிஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

பலர் கைபடும் கோப்புக்கு நான் இப்போது ஃபார்முலாதான் போடுகிறேன். பிரிவுகளைத் தனி ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட வேண்டும். அட்டவணை 2ஆம் வரியில் தொடங்குகிறது என்றால், 'ரோ' தரும் வரி எண்ணில் 2ஐக் கழித்து, 'மாட்' கொண்டு 6ஆல் வகுத்த மீதியை எடுத்து, அதோடு 1 கூட்டினால் 1 முதல் 6 வரை சுற்றிச் சுற்றி வரும். அந்த எண்ணை 'இண்டெக்ஸ்' ஃபார்முலாவுக்குக் கொடுத்தால் பட்டியலில் அந்த இடத்தில் உள்ள பிரிவு வந்து நிற்கும். 6 என்று நேரடியாக எழுதாமல் 'கவுன்ட்ஏ' கொண்டு பட்டியலின் நீளத்தை எண்ண வைத்து, இண்டெக்ஸுக்கும் அந்த நெடுவரிசை முழுவதையும் காட்டினால், நாளை ஏழாவது பிரிவு வந்தாலும் ஃபார்முலாவைத் தொட வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், கால்க் எல்லாவற்றிலும் இது ஓடும்.

ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். இழுத்து நிரப்பியவை வெறும் சொற்கள். பிறகு பட்டியலைத் திருத்தினாலும் அவை அப்படியே இருக்கும். ஃபார்முலா அப்படியல்ல. பட்டியலில் ஒரு பெயர் கூடினால் போன மாதத்து அட்டவணையும் சேர்ந்தே மாறிவிடும், யார் எந்த நாள் வேலை பார்த்தார்கள் என்ற பதிவே புரண்டுவிடும். அதனால் மாதம் முடிந்ததும் அந்த மாதத்துச் செல்களை நகலெடுத்து, அதே இடத்தில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக 'வேல்யூஸ்' மட்டும் ஒட்டிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் பட்டியலில் கை வைக்கிறேன்.