தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன்

முதியோர் வார்டில் நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்குத் தெரியும், விளக்கை அணைத்த பிறகுதான் பயம் வெளியே வரும். பகலெல்லாம் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றவர், "சிஸ்டர், கொஞ்ச நேரம் இங்கேயே இருங்களேன்" என்பார். நாளைக்கு ஆபரேஷன், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற நினைப்பு. கேஸ் ஷீட்டில் ஏறுவதோ தூக்கமில்லை என்பது மட்டும். அதற்குக் கீழே லோராசெபாமோ அல்பிரசோலாமோ, ஏதாவது ஒரு தூக்க மாத்திரை எழுதப்படும்.

மருந்தே கூடாது என்பவள் அல்ல நான். கடுமையான மனச்சோர்வில் சோற்றை ஒதுக்கியவர்கள் மருந்தால் தேறியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வயதான உடம்பிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறாது; அதே வகையைச் சேர்ந்த டயஸெபாம் நாள்கணக்கில் தங்கும். விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுபவரைத் தள்ளாட வைத்து இடுப்பெலும்பை முறிக்கும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். பலமுறை திருத்தப்பட்ட அந்தப் பட்டியலில் இந்த வகை மாத்திரைகள் இன்றும் இருக்கின்றன.

ஒரு தாத்தா நள்ளிரவில் கூச்சலிட்டுக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "ஊசி போட்டுத் தூங்க வைங்க சிஸ்டர்" என்று மகன் கெஞ்சினார். அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இறுகியிருந்தது. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அது சிறுநீரை அடைக்கும். டாக்டரை அழைத்து, டியூப் போட்டதும் பை மளமளவென்று நிறைந்தது. ஊசியே இல்லாமல் தூங்கிப்போனார்.

கத்துபவரையாவது கவனிக்கிறோம். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைத் தொந்தரவில்லாத பேஷன்ட் என்று விட்டுவிடுகிறோம். அது மனச்சோர்வாக இருக்கலாம். டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பமாகவும் இருக்கலாம். "முந்தாநாள் எப்படி இருந்தாங்க?" என்று வீட்டாரைக் கேட்டாலே பாதி தெளியும். சோர்வு வாரக்கணக்கில் படியும். டெலிரியம் ஓரிரு நாளில் வரும், காலையில் தெளிந்து மாலையில் கலங்கும். அதற்குப் பின்னால் கிருமித்தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். சில மனச்சோர்வு மருந்துகளே சோடியத்தைக் குறைப்பதும் உண்டு.

மூக்குக் கண்ணாடி, காது மிஷின், வலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் அந்த ஆளைக் குறைத்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவது எனக்கு ஆறவே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று, வார்டில் தொடங்கிய ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி, "இது வீட்டுக்கும் வேணுமா டாக்டர், எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறேன். அட்மிஷனிலும் வீட்டில் என்ன போட்டார்கள் என்று விசாரிப்பேன். பல வருடமாகப் போட்ட தூக்க மாத்திரை சட்டென்று நின்றாலும் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரும். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.